இரண்டு வாசலுக்கு ஒரே பதில்

மார்ச் 4, திங்கள்

இன்று என் வீட்டுக்காரரை விரிப்பின் மேல் படுக்க வைத்தேன்.

எங்கள் அலுவலகம் செய்கிற சாமான் அதுதான். மெத்தைக்குக் கீழே போடுகிற மெல்லிய விரிப்பு. மேலே படுத்திருப்பவரின் உடல் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். கூடவே இருக்கிற சின்னப் பெட்டி அந்த அதிர்வுக்குள் மூச்சைத் தேடி எடுத்துத் திரையில் காட்டும். அடுத்த மாதக் கடைசியில் ஒரு மருத்துவமனை ஆறு கட்டில்களில் இதைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. அதற்குள் நிஜமான மனிதர்களின் தூக்கம் பதிவாக வேண்டும் என்றார்கள். யார் வீட்டில் யார் சம்மதிப்பார்கள் என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருக்க, நான் கையைத் தூக்கிவிட்டேன். தூங்குகிற ஆளுக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்?

இவர் டவுன் பஸ் ஓட்டுநர். விடிவதற்கு முன் முதல் டிரிப், பகல் ஒரு மணிக்கு வீடு. சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிவிடுவார். சினிமாவில் தூங்குவார். முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவார். ஒரு முறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறார். கல்யாணமான புதிதில் நான் ஏதோ மனசு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'ம்' 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஆறாவது 'ம்'மில் குறட்டைக்குப் போய்விட்டார். குடும்பத்தில் இது பதினாறு வருடத் தமாஷ்.

"இது மேல படுத்தா ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார்.

"அடிச்சாலாவது முழிக்கிறீங்களான்னு பாப்போம்."

இரண்டு மணி நேரம் நல்ல பதிவு. மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்ட எங்கள் பிரிவுத் தலைவருக்கு நன்றி.

மார்ச் 5, செவ்வாய்

நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு! இரண்டு மணி நேரமும் கோடு போட்ட மாதிரி. அலுவலகத்தில் திரையைச் சுற்றி நான்கு பேர் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி என் மென்பொருளுக்கு, பாதி என் புருஷனுக்கு.

வீட்டில் வந்து சொன்னேன். "உங்க மூச்சு கடிகாரம் மாதிரி இருக்காம்." சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். மகள் — வயது பதினான்கு, வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர் — "கடிகாரத்துக்கு அலாரம் மட்டும் வேலை செய்யாது" என்றாள்.

ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். இன்று நான் எழுதியது ஒரு மனிதனின் மூச்சை எண்ணுகிறது. இந்த வயதில் யார் கொடுப்பார்கள் இப்படி ஒரு வாய்ப்பு?

மார்ச் 8, வெள்ளி

மழை. பஸ் கிடைக்கவில்லை. ஓட்டுநர் மனைவிக்கே இந்தக் கதி.

மார்ச் 11, திங்கள்

எரிச்சல்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். எதைக் கொடுத்தாலும் "அப்படியா?" என்றுதான் வாங்குவாள். நான் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. அவளுக்கும் தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். இன்று என் மேசைக்கு ஒரு தாளோடு வந்தாள்.

"அக்கா, நூத்தி இருபது நிமிஷம். ஒவ்வொரு நிமிஷத்துலயும் பதினஞ்சு. பதினாலு இல்ல, பதினாறு இல்ல. உங்க வீட்டுக்காரர் மனுஷனா, பொம்மையா?"

சுருக்கென்று வந்தது. "நல்லா தூங்குற மனுஷன். உனக்கு அதுலயும் சந்தேகமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. தாளை நீட்டினாள். ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு ஆழம் என்ற எண்கள். சிலதைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். "இந்த எண்ணப் பாருங்க. அதே எண் முன்னாடி ஒரு தடவை வந்திருக்கு. இதுவும் அப்படித்தான். இதுவும். ஒவ்வொண்ணும் சரியா அறுபத்து நாலு இடம் தள்ளி." ஒருவர் இரண்டு முறை அச்சு மாறாமல் ஒரே மாதிரி மூச்சு விட முடியாது.

அறுபத்து நாலு என்றதும் தாளைக் கையில் வாங்கிக்கொண்டேன். அது என் பெட்டிக்குள் இருக்கிற எண்.

மார்ச் 12, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. எனக்கே புரிகிற மாதிரி எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் இன்னொரு நாள் இதையே செய்வேன்.

எங்கள் மென்பொருள் பிளாக் பிளாக்காகக் கோத்தது. ஒன்றிலிருந்து வருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். என் பிளாக்குக்கு உள்ளே வர ஒரு வழி, வெளியே போக இரண்டு வாசல். நான்கு வினாடிக்கு ஒரு தடவை உடல் எவ்வளவு அதிர்ந்தது என்று ஓர் எண் முதல் வாசலில் போகும். அந்த நான்கு வினாடிக்குள் மூச்சு கிடைத்தால் அதன் ஆழம் இரண்டாம் வாசலில் போகும். எல்லாப் பிளாக்குகளையும் மேய்க்கிற ஷெட்யூலர் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு தடவையும் என் பிளாக்கிடம் கேட்கும்: எத்தனை வைத்தாய்?

நான் ஒற்றை எண்ணைச் சொன்னேன். ஒன்று.

ஒற்றை எண் சொன்னால் அது இரண்டு வாசலுக்கும் சேர்த்து என்று அர்த்தம். முதல் வாசலில் ஒன்று, இரண்டாம் வாசலிலும் ஒன்று. நான் இரண்டாம் வாசலில் எதுவும் வைக்காத போதும் அது என்னை நம்பி, அந்த இடத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே என்ன கிடக்கும்? அறுபத்து நாலு இடம் கொண்ட வட்டம் அது. முந்தின சுற்றில் வைத்த பழைய மூச்சு அப்படியே இருக்கும், கழுவாத தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. நான்கு வினாடிக்குள் இரண்டு மூச்சு வந்தால்? ஒன்று என்றுதானே சொன்னேன், இரண்டாவது காணாமல் போகும். ஆக, யார் படுத்தாலும் எப்படி மூச்சு விட்டாலும் நிமிடத்துக்குப் பதினைந்து. தலையணையைப் படுக்க வைத்தாலும் பதினைந்து வந்திருக்கும்!

இது ஏன் முன்பே தெரியவில்லை? நான் சோதித்துப் பார்த்த செயற்கை மூச்சு நான்கு வினாடிக்கு ஒன்று. நானே தயாரித்தது. அதில் இரண்டு வாசலுக்கும் ஒரே பதில் சரியாகத்தான் வரும். கேள்வித்தாளும் நானே, விடையும் நானே.

சந்தேகத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "கத்தினதுக்கா, தப்புக்கா?" என்றாள். ரெண்டுக்கும்தான்.

மார்ச் 13, புதன்

திருத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்: இங்கே ஒன்று, அங்கே பூஜ்யம். கடைசியில் ஷெட்யூலர் கேட்கும்போது எண் சொல்வதில்லை, 'ஏற்கனவே சொல்லியாகிவிட்டது' என்பதற்கு ஒரு தனிக் குறி இருக்கிறது, அதைக் கொடுக்கிறேன். அது கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. படித்த ஞாபகமும் இருக்கிறது.

இவரின் பதிவை மறுபடி ஓட விட்டேன். ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது.

திரை அப்படியே உறைந்து நிற்கிறது, பிறகு தானாகவே நகர்கிறது.

மார்ச் 14, வியாழன்

இன்னும் நிற்கிறது. ஒண்ணு சரி பண்ணினா இன்னொண்ணு புட்டுக்குது. நான் இந்த வேலைக்கு லாயக்கா? சமையலறையிலேயே இருந்திருக்கலாம் — இல்லை, அங்கேயும் பாலைப் பொங்க விடுகிற ஆள்தான்.

எங்கெங்கே நிற்கிறது என்று குறித்து வைத்தேன். நாற்பத்தேழு இடம். சில இடத்தில் பத்து, பன்னிரண்டு வினாடி. சில இடத்தில் முப்பது. ஓர் இடத்தில் நாற்பத்தொன்று.

திரையில் படம் வரைகிற பிளாக்கை எழுதியதும் நான்தான். அது இரண்டு வாசலிலிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் ஒரு புள்ளி வைக்கும். ஒரு பக்கம் வரவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அதனால்தான் திரை நிற்கிறது, அது புரிகிறது. ஆனால் இரண்டாம் வாசலில் ஏன் வரவில்லை? மூச்சைத் தேடுகிற கணக்கில் எங்கோ ஓட்டை. நாளைக்கு அதைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி

கை ஓடவில்லை. எழுதியாக வேண்டும்.

கணக்கில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லா வரியும் சரியாக இருந்தது. சந்தேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எண்ணை விடுங்க அக்கா. அந்த நாப்பத்தொரு வினாடில விரிப்பு என்ன வாங்குச்சுன்னு காதுல போட்டுக் கேளுங்க" என்றாள். விரிப்பு வாங்கிய அதிர்வை ஒலியாக மாற்றிக் கேட்கலாம். இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை.

கேட்டேன். குறட்டை. குறட்டை. குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. அடியில் இதயம் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது. நான் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தொன்றில் தண்ணீருக்குள் அமுக்கி வைத்த ஆள் மேலே வருகிற மாதிரி ஒரு இழுப்பு. அதன் பிறகு அவசர அவசரமாக நான்கைந்து மூச்சு.

கணக்கில் ஓட்டை இல்லை. மூச்சு இல்லாத இடத்தில் மூச்சு இல்லை என்றுதான் என் பிளாக் சொல்லியிருக்கிறது. முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் நான் இரண்டு நாளாகப் பிழை என்று துரத்திக்கொண்டிருந்தேன்.

இயர்போனை சந்தேகத்திடம் கொடுத்தேன். அவள் முகம் மாறியது. "அக்கா, வீட்டுக்குப் போங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

இரண்டு மணிக்கு வீடு. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குறட்டை நின்றது. மார்பு எழும்பப் பார்க்கிறது, காற்று போகவில்லை. பதினெட்டு வினாடி. இருபத்தைந்து. எழுப்பட்டுமா? எழுப்பட்டுமா? இருபத்தாறில் அந்த இழுப்பு. பக்கத்தில் படுத்துப் பதினாறு வருஷம். குறட்டை நின்னா 'அப்பாடா'ன்னு திரும்பிப் படுத்தவ நான்தானே. மூச்சு நின்னதுக்கு அப்பாடா சொல்லியிருக்கேன், பாவி.

இந்த மனிதர் விடியற்காலையில் ஐம்பது, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்.

மார்ச் 16, சனி

சொன்னேன். டாக்டரிடம் போக வேண்டும், அதுவரை பஸ் ஓட்ட வேண்டாம் என்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "உன் மெஷின் சொல்லுதுன்னு நான் வண்டிய விடணுமா? போன வாரம் அதே மெஷின்தானே என்னைக் கடிகாரம்னு சொல்லிச்சு? அப்ப நம்பினே. இப்ப இதையும் நம்புறே. அடுத்த வாரம் என்ன சொல்லும்?"

அவர் கேட்டதில் என்ன தப்பு?

"இருபத்திரண்டு வருஷம். ஒரு கீறல் கிடையாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்று இவருக்கு லீவு, நாளைக்கு ஞாயிறு, வார ஓய்வு. திங்கட்கிழமை முதல் டிரிப்புக்குள் இவர் மனசு மாற வேண்டும். எனக்கு இருப்பது ஒரு நாள்.

மார்ச் 17, ஞாயிறு

காலை டீயோடு மேசையில் உட்கார வைத்தேன். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்த தப்பைச் சொன்னேன். இரண்டு வாசல், ஒற்றைப் பதில், பழைய மூச்சு எல்லாமே. பஸ் உதாரணத்தில் சொன்னேன்: "ரெண்டு கதவு இருக்கு. முன்கதவுல ஒருத்தர் ஏறினாரு. நான் எண்ணாமலே பின்கதவுலயும் ஒருத்தர்னு எழுதிட்டேன். பேருக்கு நேத்து ஏறினவர் பேரையே போட்டுட்டேன். உங்களைக் கடிகாரம்னு சொன்னது மெஷின் இல்லீங்க. எண்ணாம எழுதின நான்."

ஓட்டுநர்தான் என்றாலும் இருபத்திரண்டு வருடம் கண்டக்டர்களோடு இருந்தவர். எண்ணாமல் எழுதுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "அது பெரிய தப்பாச்சே" என்றார்.

"ஆமா. அதனாலதான் இப்ப எண்ணைக் காட்டல. காதுல கேளுங்க."

இயர்போனை மாட்டிவிட்டேன். குறட்டை வந்ததும் சங்கடமாகச் சிரித்தார். பிறகு அந்த இடம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காத்திருந்தார். அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், கன்னம் உப்பியிருந்தது. இருபதில் விட்டுவிட்டார். காதில் இன்னும் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இழுப்பு வந்ததும் இயர்போனைக் கழற்றி வைத்தார்.

வாலு எதையோ கேட்க வந்தவள், முகங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"போன மாசம் சிக்னல்ல நின்னேன். பச்சை விழுந்தது தெரியல. பின்னாடி ஹார்ன் அடிச்சதும்தான் தெரிஞ்சுது. கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "ஒரு தடவை இல்ல" என்றார்.

யாரிடமும் சொல்லாமல் எத்தனை நாள் இதைச் சுமந்தாரோ. கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மார்ச் 18, திங்கள்

முதல் டிரிப்புக்குக் கிளம்புகிற அதே நேரத்துக்குக் கிளம்பினார். எனக்கு உயிர் போய் வந்தது. "வண்டி எடுக்கப் போகல. சொல்லிட்டு வரேன்" என்றார்.

பணிமனை மேலாளரிடம் நேராகப் போய், "சார், நான் தூங்கிடுறேன். என்னை வண்டில ஏத்தாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் கீறல் இல்லாத மனிதர் இதைச் சொல்ல எப்படி நாக்கு வந்ததோ! மேலாளர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, "இதைச் சொல்லாம ஓட்டுறவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னுதான் யோசிக்கிறேன்" என்றாராம். வைத்தியம் முடிகிற வரை நேரக்காப்பாளர் மேசையில் வேலை. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 20, புதன்

அலுவலகக் கூட்டத்தில் என் தப்பை நானே எழுந்து சொன்னேன். பிரிவுத் தலைவர் கேட்டுவிட்டு, "இந்தத் தப்போட ஆறு கட்டிலுக்குப் போயிருந்தா?" என்றார். நிமிடத்துக்குப் பதினைந்து என்று திரை நர்சுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

வரைகிற பிளாக்கையும் மாற்றிவிட்டேன். இனி ஒரு பக்கம் வரவில்லை என்று இன்னொரு பக்கத்தை நிறுத்தி வைக்காது. வரவில்லை என்பதையே வெற்றிடமாக வரையும். வெற்றிடம் பத்து வினாடியைத் தாண்டினால் மணி அடிக்கும். சோதனைப் பதிவுகளில் மூச்சு நிற்கிற பதிவும் கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும் என்று சந்தேகம் விதி எழுதி ஒட்டிவிட்டாள்.

அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் மதியச் சாப்பாட்டில் என் டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன். திறந்து பார்த்துவிட்டு, "நீங்க சமைச்சதா?" என்றாள். அதிலும் சந்தேகம்.

மார்ச் 27, புதன்

தூக்கப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறதாம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகிற வழியை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக எழுந்து மூச்சை இழுக்கிறது. அப்படி இழுத்து இழுத்து, எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்காத உடம்பு அது. பகலெல்லாம் கடனைக் கேட்கிறது.

நாங்கள் தமாஷ் என்று நினைத்தது எல்லாம் நோய். பல் மருத்துவர் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"யார் கவனிச்சது?" என்று கேட்டார் மருத்துவர். இவர் என்னைக் காட்டினார். "வீட்லயே இன்ஜினியர் வச்சிருக்கேன் டாக்டர்." அந்த அறையில் தலை குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர்.

காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிற ஒரு சின்ன இயந்திரம், மூக்கில் மாஸ்க். ஆறு வாரம் விடாமல் போட்டால், பிறகு பார்த்துவிட்டு வண்டி ஓட்டக் கடிதம் தருவேன் என்றார்.

ஏப்ரல் 3, புதன்

மாஸ்கோடு அப்பாவைப் பார்த்த வாலு, "ஆக்சிஜன் எல்லாம் சரியா இருக்கா கேப்டன்? எப்ப தரையிறங்குறீங்க?" என்றாள். சிரித்ததில் மாஸ்க் நழுவி இயந்திரம் புஸ்ஸென்று கத்தியது.

ஏப்ரல் 9, செவ்வாய்

சண்டை. மூக்கு வலிக்கிறதாம், நேற்று போடவே இல்லை. "மேசையில உக்காந்து மத்தவன் வண்டி போற நேரத்தை எழுதுறேன். இதுக்கு மேல மூக்குல குழாய் வேற" என்றார். கோபம் மாஸ்க் மேல் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "போடாம படுங்க, நான் பக்கத்துல உக்காந்து எண்ணிட்டே இருக்கேன்" என்று கத்தினேன்.

எண்ணத்தான் செய்கிறேன். போன மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. கண் மூடினால் காது திறந்துகொள்கிறது.

ஏப்ரல் 10, புதன்

அவரே கடைக்குப் போய் வேறு அளவு மாஸ்க் மாற்றிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு இவர் படுக்கவில்லை! "தூக்கம் வரல" என்றார். நானும் வாலுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. ஜன்னலைத் துடைத்தார். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்து, "ஆமா, அந்த ரெண்டு வாசல்னியே, முழுசா சொல்லு" என்றார்.

முழுசாகச் சொன்னேன். ஷெட்யூலர், அறுபத்து நாலு இடம், தனிக் குறி எல்லாம். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்வி. "பின்கதவுல ஆளே ஏறாத ரூட்டு இருந்தா என்ன பண்ணும்?" என்றார். அப்படி, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மூச்சே வராத ஒரு பதிவை நாங்கள் சோதிக்கவே இல்லை. நாளைக்குச் சந்தேகத்திடம் சொல்ல வேண்டும்.

பதினாறு வருடத்தில் நான் சொன்ன ஒன்றைக் கடைசி வரை விழித்திருந்து கேட்டிருக்கிறார். எனக்கு இவரை இன்னும் சரியாகத் தெரியாதோ என்று தோன்றியது. அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

ஆறு கட்டில்களிலும் விரிப்பு போட்டாகிவிட்டது. சந்தேகம் ஒவ்வொன்றிலும் தானே படுத்து, மூச்சைப் பிடித்து, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மே 2, வியாழன்

மூன்றாம் கட்டிலில் மணி அடித்ததாம். நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். மூச்சு நிஜமாகவே நின்றிருக்கிறது. நோயாளி இப்போது நலம். யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம்.

மே 8, புதன்

ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தொன்றாக இருந்தது இப்போது இரண்டு. மருத்துவர் கடிதம் கொடுத்துவிட்டார். இவர் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை முதல் வண்டி.

பயமாக இல்லையா என்று வாலு என்னிடம் தனியாகக் கேட்டாள். இல்லை என்றேன். பொய்.

மே 13, திங்கள்

முதல் டிரிப்பில் நானும் ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை. முன்னாலேயே போய் இரண்டாவது நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். பஸ் வந்தது. ஓட்டுநர் முகம் கண்ணாடியில் தெரிகிற இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். கண்களைக் கவனிக்க வேண்டும், அதற்குத்தானே வந்தேன்? ஒரு சிக்னல். பச்சை விழுவதற்கு முன்பே அவர் கை கியரில் இருந்தது. இன்னொரு சிக்னல். எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டார். ஏறிய ஒரு வயதானவர் உட்காரும் வரை பொறுத்து எடுத்தார். நான் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சிக்னல் வரை எண்ணிய ஞாபகம் இருக்கிறது.

தோளில் யாரோ தட்டினார்கள். பஸ்ஸில் ஒருவரும் இல்லை. வெயில் வந்திருந்தது. இவர் காக்கிச் சட்டையில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"கடைசி ஸ்டாப்பு வந்து பத்து நிமிஷம் ஆச்சு. எழுப்ப மனசு வரல" என்றார். "நல்லா தூங்கினே."